சுழி சொன்னவன்

எழுத்தாளர்கள் என்னைப் பார்க்க வரும்போது பழம் வாங்கி வருவதை முதலில் நிறுத்த வேண்டும். எனக்குச் சர்க்கரை இருக்கிறது. சேலம் ஃபேர்லேண்ட்ஸில் என் அலுவலகம் இருக்கும் தெருமுனையில் ஒரு பழவண்டி நிற்கிறது. படியேறி வருகிறவர் கையில் அந்த வண்டிக்காரனின் பையைப் பார்த்ததுமே தெரிந்துவிடும், இந்த ஆள் கதையை நம்பி வரவில்லை, கொய்யாவை நம்பி வந்திருக்கிறார் என்று.

நூல்முகவரைத் தேடும் எழுத்தாளர்களுக்குப் பயன்படும்படி ஒரு கட்டுரை கேட்டிருந்தீர்கள், தமிழினி அம்மா. உங்கள் பதிப்பகம் அடுத்த மாதம் வெளியிடப்போகும் நாவலை எழுதிய கமலவேணிக்கு நான்தான் வழிகாட்டி என்று அவள் கணவன் குணசீலன் உங்களிடம் சொன்னானாம். மறைந்துபோன அந்தப் பெண்ணை உருவாக்கியவரே நாலு வார்த்தை எழுதினால் இதழுக்குக் கனம் சேரும் என்று எழுதியிருந்தீர்கள். சரி. கிணற்றில் விழுந்து அவள் இறந்த நாள் வரைக்கும் அவளுக்கு ஆலோசனை சொன்னவன் நான்தான். ஆகவே எழுத எனக்குத் தகுதி உண்டு.

நூல்முகவர் என்ற சொல்லே நம் பக்கத்தில் புதிது. எழுதினவரிடம் பிரதியை வாங்கிப் படித்து, அதற்கேற்ற பதிப்பகத்தையோ, ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகிறவர்களையோ, சினிமாக்காரர்களையோ தேடிப் பிடித்து, பேசி முடித்து, நடுவில் தன் பங்கை எடுத்துக்கொள்கிறவர். பச்சையாகச் சொன்னால் தரகர். அந்தச் சொல்லைக் கேட்டால் எழுத்தாளர்களுக்கு முகம் சுளிக்கும். சேலம், நாமக்கல் பக்கத்தில் தரகர் இல்லாமல் எது நடக்கிறது? முட்டைக்குத் தரகர், மரவள்ளிக்குத் தரகர், லாரி லோடுக்குத் தரகர், கல்யாணத்துக்குத் தரகர். கதைக்கு மட்டும் கடவுளே இறங்கி வந்து விலை பேசுவாரா?

இதற்கு முன்னால் நான் பத்திரம் எழுதிக்கொண்டிருந்தவன். பதிவு அலுவலகத்துக்கு எதிரில் மேசை போட்டு, ஊரார் நிலத்துக்கெல்லாம் நான்கெல்லை எழுதினேன். தமிழ் நாவல்கள் ஆங்கிலத்துக்குப் போகத் தொடங்கி, தொடர் எடுக்கிற கம்பெனிகளும் கதை கதை என்று அலைய ஆரம்பித்ததும், மேசையை மடக்கி வைத்துவிட்டு இந்தப் பலகையை மாட்டினேன். எழுத்தாளர்களுக்கு ஒப்பந்தம் படிக்கத் தெரியாது. எனக்கு ஒப்பந்தம் எழுதத் தெரியும். ஒரு தொழிலுக்கு இது போதும்.

வருகிறவர்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கோழிப்பண்ணை வைத்திருக்கும் ஒருவர் தன் வாழ்க்கையை ஒரு கல்யாண மண்டபத்துக்குச் சமையல் செய்கிற அளவுக்கு எழுதி, ஸ்பைரல் பைண்டிங் போட்டு, டிரைவர் தலையில் ஏற்றிக் கொண்டுவந்தார். பாதி வரை படித்தேன், அவர் இன்னும் பிறக்கவில்லை. இன்னொருவர் கதையை யாராவது திருடிவிடுவார்கள் என்று பயந்து, கதை என்ன என்பதை என்னிடம்கூடச் சொல்ல மறுத்துவிட்டார். எல்லோரும் சொல்லிவைத்த மாதிரி ஒரே வாக்கியத்தைச் சொல்வார்கள். "இப்படி ஒன்ன தமிழ்ல இதுவரைக்கும் யாரும் எழுதுனதில்லீங்க." நானும் தலையாட்டுவேன். காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு.

அவர்களுக்கு என் ஆலோசனை சுருக்கமானது. கூட வைக்கிற கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. தாத்தா காலத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். கதைச் சுருக்கத்தில் முடிவை மறைக்க வேண்டாம். முகவரிடம் முடிவை மறைப்பது வைத்தியரிடம் வியாதியை மறைப்பது மாதிரி. முகவர் சொல்லும் திருத்தங்களைச் செய்யுங்கள். அவருக்கு உங்கள் மேல் அக்கறை இருக்கிறது என்று நம்புங்கள். இதற்கு மேல் எழுத்தாளர் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுமில்லை. மீதி எல்லாம் முகவர் தெரிந்துகொள்ள வேண்டியது, அதை நான் என் அப்பாவிடம் கற்றேன்.

அப்பா செங்கோடன் மாட்டுத் தரகர். தோளில் துண்டு, கையில் குச்சி, வாயில் வெற்றிலை. மாட்டின் உடம்பில் மயிர் சுழித்திருக்கும் இடத்தைச் சுழி என்பார்கள். அதில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. துடைப்பச் சுழி உள்ள மாடு வீட்டுச் செல்வத்தைக் கூட்டித் தள்ளிவிடும். விலங்குச் சுழி உள்ளதைக் கட்டினவன் கைக்கு விலங்கு வரும். பாடைச் சுழி இருந்தால் அந்த வீட்டில் சாவு விழும். இதெல்லாம் உண்மையா என்று கேட்காதீர்கள். மாடு விற்க வந்தவன் நம்புகிறான், அதுதான் முக்கியம்.

சந்தைக்கு ஒரு நல்ல மாடு வந்துவிட்டால் அப்பா அதன் பக்கமே போகமாட்டார். முதலில் ஓர் ஆளை அனுப்புவார். அவன் பல்லைப் பார்ப்பான், வாலைத் தூக்குவான், முகத்தைச் சுளிப்பான், துடைப்பச் சுழி என்று முணுமுணுத்துவிட்டு நகர்ந்துவிடுவான். கொஞ்ச நேரம் கழித்து வேறொருவன் வேறொரு சுழியைச் சொல்வான். மூன்றாவதுதான் வித்தை. அதை அப்பா எனக்கு ஒருமுறை விளக்கிச் சொன்னார்.

"மூணாவது சுழிய அவன் ஊட்டு ஆளே சொல்லோணும் சாமி. மச்சானோ மாமனோ, கூட வந்திருக்கறவன் எவனாச்சும் ஒருத்தன். அப்பறம் மாட்டுக்காரன் கண்ணுக்கே சுழி தெரிய ஆரம்பிச்சுரும். நம்ம ஒன்னுமே கேக்க வேண்டியதில்ல. கயித்த அவனே நம்ம கையில குடுத்துட்டுப் போயிருவான்."

உண்மைதான். கண்ணுக்குக் கண்ணாக வளர்த்த மாட்டை அடிமாட்டு விலைக்கு விட்டுவிட்டு, பீடை தொலைந்தது என்று அப்பாவைக் கும்பிட்டுவிட்டுப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஏமாந்தவன் நன்றி சொல்லிவிட்டுப் போகிற தொழில் உலகத்திலேயே அது ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். இலக்கியத்துக்கு வந்த பிறகுதான் இரண்டு என்று தெரிந்தது.

நல்ல நாவல் கைக்கு வந்தால் நல்லது என்று நான் சொல்வதில்லை. ஓய்வுபெற்ற பேராசிரியர் மதியழகன் என்று ஒருவர் இருக்கிறார், பெங்களூரில் தனப்பிரியா என்று ஒரு மொழிபெயர்ப்பாளர் இருக்கிறார். இருவரிடமும் படிக்கக் கொடுப்பேன். எந்தச் சுழியைச் சொல்ல வேண்டும் என்று முன்பே பேசிவைத்திருப்பேன். கடைசியில் மனைவியோ நண்பரோ, வீட்டு ஆள் ஒருவர் காதில் ஒரு சொல் போடுவேன். அந்த எழுத்தாளர் தளர்ந்துபோய் என் எதிரில் வந்து உட்காருவார். நீங்களே பார்த்து ஏதாவது செய்யுங்கள் என்று எல்லா உரிமைகளையும் எழுதிக் கொடுத்துவிட்டு, கொய்யாவையும் வைத்துவிட்டுப் போவார்.

கமலவேணி இப்படி வந்தவர்களில் ஒருத்தி. பிறந்தது திருச்செங்கோட்டுப் பக்கம், குடியிருந்தது வாழப்பாடியில், பால் சொசைட்டியில் வேலை. கணவன் குணசீலன் போர்வெல் போடும் ரிக் வண்டியில் டிரில்லர். மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று வண்டி போகும், மழைக்காலத்துக்கும் பொங்கலுக்கும்தான் ஊர் திரும்பும். மற்ற மாதமெல்லாம் வீட்டில் ஆண் இல்லாத பெண்களைப் பற்றித்தான் அவள் நாவல்.

முதல் பக்கத்தில் ஒருத்தி கணவனோடு போனில் பேசுகிறாள். அந்தப் பக்கம் ரிக் ஓடுகிற சத்தத்தில் அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. கேட்கவில்லை என்று தெரிந்தேதான் இவள் பேசுகிறாள். நேரில் சொல்ல முடியாததை எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, "செரி, சாப்பிடுங்க" என்று போனை வைக்கிறாள். அந்தப் பக்கத்தை நான் நின்றுகொண்டே படித்தேன். உட்கார மறந்துவிட்டேன்.

"சுமாரா இருக்குது அம்மணி. பாக்கலாம்" என்றேன்.

அவளுக்கு அதுவே பெரிய சந்தோஷம். எழுத்தாளர்கள் முகவரிடம் கேட்காததையும் சொல்வார்கள். எந்தப் பாத்திரம் எந்த ஊர், எது கேட்டது, எது கட்டினது என்று எல்லாவற்றையும் கொட்டினாள். கதாநாயகிக்குக் கிணற்றைக் கண்டால் பயம் என்று ஓர் அத்தியாயம் உண்டு. "அது மட்டும் நெசமாவே நானுங்க ஐயா. எனக்கு நீச்சலே தெரியாதுங்க. கெணத்த எட்டிப் பாத்தாலே காலு கூசும்" என்று சிரித்தாள்.

மதியழகன் முதல் சுழியைச் சொன்னார். பேச்சு வழக்கு அதிகம், சங்ககிரியைத் தாண்டினால் ஒருவருக்கும் புரியாது, பேச்சைக் குறை. அவள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் வாங்கிக்கொண்டு போனாள். திருப்பிக் கொண்டுவந்தபோது பேச்சு குறைந்துதான் இருந்தது. ஆனால் பேசாமல் நிற்கிற இடங்களும் பேசின. தனப்பிரியா இரண்டாவதைச் சொன்னாள். கதையில் வருகிறவர்கள் தங்களை அடையாளம் கண்டு வழக்குப் போடுவார்கள், பெயர், ஊர் எல்லாவற்றையும் மாற்று. மாற்றினாள். முன்பு ஒரு தெருவின் கதையாக இருந்தது, இப்போது ஒரு ஜில்லாவின் கதையாகிவிட்டது. கெடுக்கச் சொன்ன இடமெல்லாம் மெருகேறி வந்தது. இப்படிச் சொல்பேச்சுக் கேட்கிற எழுத்தாளரை நான் பார்த்ததில்லை. அது எனக்கு எரிச்சலாக இருந்தது என்பதை மறைக்கவில்லை.

அப்போதுதான் அவளுக்கு ஒரு முன்மாதிரி காட்டலாம் என்று தோன்றியது. என்னிடம் ஒரு நாவல் இருந்தது. ஒரு நிலத் தகராறு, மூன்று தலைமுறை. பத்திரம் எழுதிய காலத்திலேயே தொடங்கி, ஏறக்குறைய இருபது வருடம் எழுதியது. பதிப்பகங்கள் பலவும் அதைத் திருப்பி அனுப்பின. அதற்கான தகுதி அந்தப் பதிப்பகங்களுக்கு இல்லை. எழுதினவர் பெயர் போட்ட முதல் தாளை எடுத்துவிட்டு, பெரிய எழுத்தாளர் ஒருவருடையது, படித்துக் கற்றுக்கொள் என்று சொல்லிக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் வந்து பிரதியைப் பணிவாக மேசையில் வைத்தாள். எப்படி என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கினாள்.

"மொழி நல்லாச் சுத்தமா இருக்குதுங்க ஐயா. ஒரு பிழை இல்லீங்க. ஆனா ஆளுக யாருமே பேச மாட்டீங்கறாங்களே. வாயத் தொறந்தா கட்டுரையாட்டப் பேசறாங்க. எழுதுனவரு யாருகூடயும் ஒக்காந்து பேசிப் பழகாதவராட்ட இருக்குதுங்க. பாவம்."

எனக்கு வருத்தமில்லை. அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் படிக்கிறவர்கள் வேறு மாதிரி நினைக்கக்கூடும். பால் சொசைட்டியில் டிகிரி பார்த்து ஊற்றுகிற ஒரு பெண்ணுக்கு என்ன தெரியும்? நான் அவளுக்குக் காபி வரவழைத்துக் கொடுத்தேன். அவள் குடித்துவிட்டுப் போனாள். பாவம் என்ற சொல் மட்டும் அறையில் கிடந்தது.

மூன்றாவது சுழிக்கான ஆள் அவள் வீட்டிலேயே இருந்தான். மழைக்குத் திரும்பிய வண்டி மறுபடி கிளம்பும் சமயத்தில் குணசீலனைக் கூப்பிட்டு அனுப்பினேன். உடம்பெல்லாம் வெயில் குடித்த ஆள், நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். பிரதி ஒன்றை அவன் முன்னால் வைத்து, ஓர் அத்தியாயத்தை மடித்துக் காட்டினேன். கணவன் ஊரில் இல்லாத கதாநாயகி, பால்வண்டிக்காரனோடு நின்று சிரித்துப் பேசுகிற அத்தியாயம்.

"ஏனுங்க ஐயா, பேப்பர் படிக்கவே நமக்கு நேரமில்லீங்க" என்றான்.

"இத மட்டும் படிச்சிரு குணசீலா. நீ ஊருல இல்லாதப்ப உன்ர ஊட்டுல என்ன நடக்குதுன்னு, ஊரு படிக்கறதுக்கு முன்னால நீ தெரிஞ்சுக்கோணும்."

அவன் முகம் கறுத்தது. பிரதியைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து போனான். மறுவாரமே வண்டி கிளம்பிவிட்டது.

என் கணக்கு எளியது. ரிக் வண்டிக்காரன், மாதக்கணக்கில் தனிமை, கையில் சந்தேகம். திரும்பி வந்ததும் அடிப்பான், பிரதிகளை அடுப்பில் போடுவான், இனிப் பேனாவைத் தொட்டால் தெரியும் என்பான் என்று நினைத்தேன். அதற்கு மேல் ஏதாவது நடந்தால் அது அவர்கள் குடும்ப விஷயம். இதற்கிடையில் கமலவேணி எனக்குப் போன் செய்தாள். இவ்வளவு திருத்தியும் சரியாக வரவில்லை என்றால் தனக்கு எழுத்தே வராது போலிருக்கிறது, எல்லாவற்றையும் கொளுத்திவிடலாமா என்று கேட்டாள். அவசரப்படாதே, யோசி என்றேன். கயிறு என் கைக்கு வர ஒரு முழம்தான் பாக்கி.

பொங்கலுக்கு ஊர் வந்த குணசீலன் நேராக என் அலுவலகத்துக்கு வந்தான், கையில் ஸ்வீட் பெட்டியோடு.

"மொதல்ல கோவத்தோடதானுங்க பிரிச்சேன் ஐயா. அப்பறம் கீழ வெக்க முடியலீங்க. வண்டி நின்ன நேரமெல்லாம் படிச்சேன். என்னத்தப் படிக்கறேன்னு பசங்க கேட்டானுங்க, அப்பறம் சத்தமாவே படிச்சேன். சமையக்காரரு அடுப்ப அணைச்சுப்போட்டு வந்து ஒக்காந்துக்குவாருங்க. அந்தப் போன் பேசற எடத்துல எல்லாருமே அழுதுட்டானுங்க. அன்னைக்குப் பூரா அவனவன் ஊட்டுக்குப் போன் போட்டு, வண்டிய நிறுத்திப்போட்டுத்தான் பேசுனானுங்க."

பால்வண்டிக்காரனைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று கேட்டேன்.

"அவன் நல்ல மனுசனுங்க" என்றான். "நானு அங்கெங்கியோ கெடக்கறப்ப, அவ சிரிச்சுப் பேசறதுக்குக் கதையிலயாச்சும் ஒரு ஆளு இருந்தானேன்னு இருந்துச்சுங்க." ஸ்வீட் பெட்டியை மேசையில் என் பக்கமாகத் தள்ளினான். "அவகிட்ட நானு இதுவரைக்கும் பேசுனதே இல்லீங்க ஐயா. சாப்டியான்னு கேட்டிருக்கறேன், அவ்வளவுதான். நீங்க குடுக்காட்டி நானு படிச்சிருக்கவே மாட்டேன். நல்லா இருப்பீங்க."

படித்ததை எல்லாம் போனில் பதிவு செய்து வைத்திருந்தான். அது வண்டிக்கு வண்டி, போனுக்குப் போன் போய்க்கொண்டிருக்கிறது என்று பெருமையாகச் சொன்னான். அப்பாவின் தொழிலில் இப்படி நடந்ததே இல்லை. வீட்டு ஆள் சுழி சொல்லாமல் மாட்டுக்கு மாலை போட்டுக் கூட்டிவந்தால் தரகன் என்ன செய்வது என்று அவர் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

சில நாள் கழித்துக் கமலவேணி வந்தாள். அன்று சொசைட்டிக்கு லீவு போட்டிருந்தாள். கையில் கொய்யாப் பை. நான் இதுவரை பார்க்காத ஒரு நிமிர்வு அவளிடம் இருந்தது.

"கோவிச்சுக்காதீங்க ஐயா. மொத எழுதுனதையும், இப்ப திருத்துனதையும் வெச்சு நானே ஒரு முடிவு பண்ணி, நேரா பதிப்பகத்துக்கே அனுப்பலாம்னு இருக்கறேனுங்க. வேற யாருகிட்டயும் படிக்கக் குடுக்க வேண்டாமுங்க. உங்ககிட்டச் சொல்லாமச் செஞ்சா தப்பு. அதான் வந்தேன்."

"தாராளமா அனுப்பு அம்மணி" என்றேன். "ஆனா கூடவே ஒரு ஆசிரியர் படம் அனுப்போணும். நல்ல படமா இருக்கோணும்."

இதுவும் சரியான ஆலோசனைதான். புதிய எழுத்தாளர்கள் பலரும் படத்தைக் கவனிப்பதே இல்லை.

"எங்கிட்ட ஆதார் கார்டுல இருக்கறதுதானுங்க இருக்குது" என்று வெட்கப்பட்டாள்.

நானே எடுத்துத் தருகிறேன் என்றேன். அயோத்தியாப்பட்டணத்துக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம் இருக்கிறது. அவள் வாழப்பாடி போகிற வழிதான். காரில் கூட்டிக்கொண்டு போனேன். குத்தகைக்காரர் குடும்பம் அன்று கெடாவெட்டுக்குப் போயிருந்தது. அது எனக்கு முந்தின நாளே தெரியும். அவள் அன்றைக்கு வருவாள் என்பதும் தெரியும், ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்று போன் செய்தவளை அந்த நாளில் வரச்சொன்னது நான்தான்.

அது பழைய கல்கட்டுக் கிணறு. மூன்று பக்கம் சுவர் உண்டு. முன்பு மாடு கட்டி இறைத்த பக்கம் மட்டும் திறந்தபடி இருக்கும். மழை நன்றாகப் பெய்திருந்ததால் தண்ணீர் பாதிக்கு மேல் நின்றது. காலை வெயில் சாய்வாக விழுந்தது, படம் எடுக்க நல்ல வெளிச்சம். திறந்த பக்கத்துக்கு முதுகைக் காட்டி நிற்கச் சொன்னேன். கிணறு பின்னால் தெரிந்தால் நாவலுக்குப் பொருத்தமாக இருக்கும் என்றேன்.

"பயமா இருக்குதுங்க ஐயா."

"நாந்தான் பாத்துட்டு இருக்கறனல்லோ. என்னையப் பாரு. திரும்பிப் பாக்காத."

அவள் என்னையே பார்த்தாள். முகம் இறுகியிருந்தது, படம் நன்றாக வராது. அவளைச் சிரிக்க வைக்க என்ன சொல்வது என்று யோசித்தேன். பிறகு, "நாவல் ரொம்ப நல்லா இருக்குது அம்மணி. மொதப் பக்கத்த நான் நின்னுட்டே படிச்சேன்" என்றேன்.

"நெசமாவுங்களா?" என்றாள். சிரித்தாள். நான் பொத்தானை அழுத்தினேன்.

பிறகு, "இன்னும் ஒரு எட்டு பின்னால போ, கெணறு முழுசாத் தெரியட்டும்" என்றேன். அவள் போனாள். நான் சொன்ன திருத்தம் எதையும் அவள் தட்டியதில்லை.

நான் அவளைத் தொடவில்லை. என் இரண்டு கையும் போனைப் பிடித்திருந்தன. எனக்கு நீச்சல் தெரியும், அந்தக் கிணற்றில்தான் பழகினேன். கயிறும் மோட்டார் ரூமில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் மோட்டார் ரூம் படியில் உட்கார்ந்து காத்திருந்தேன். ஐயா என்று கூப்பிட்டாள், பலமுறை. கடைசியில் ஐயா இல்லை, குணசீலன் பெயர்தான். சத்தம் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, ரோட்டுக்கு ஓடி ஆட்களைக் கூப்பிட்டேன். காத்திருந்த நேரத்தில் அவள் கொண்டுவந்த கொய்யாவில் ஒன்றைச் சாப்பிட்டேன். உள்ளே நல்ல சிவப்பு. எனக்குச் சர்க்கரை இருக்கிறது என்று எத்தனை பேரிடம் சொன்னாலும் கேட்பதில்லை.

போலீஸ்காரர்கள் மரியாதையாக நடந்துகொண்டார்கள். போனில் படம் எடுக்கிறேன் என்று போய் எத்தனை உயிர் போகிறது, நீங்கள் மனதைத் தளரவிடாதீர்கள் என்று எனக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். குணசீலன் என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். "கடேசி வரைக்கும் அவகூட நின்னீங்களே ஐயா" என்றான். நின்றேன் என்பது உண்மைதான், பொய் சொல்ல வேண்டிய தேவை வரவில்லை. அந்தப் படத்தை அவன் கேட்டான், கொடுத்தேன். புத்தகத்தின் பின்னட்டையில் போடப்போவதாக நீங்கள் அனுப்பியிருந்தீர்களே, அதே படம். அது நன்றாக வந்திருக்கிறது.

என்னிடமிருந்த பிரதிகளைக் கொளுத்திவிட்டேன். ஆனால் கத்தரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதானே ஆக வேண்டும். எங்கோ பாறையைத் துளைத்துக்கொண்டிருந்த ரிக் வண்டிகளிலிருந்து குணசீலன் குரலில் அது ஊரெல்லாம் போனது. உங்கள் காதுக்கும் வந்தது. நீங்கள் அவனைத் தேடிப்பிடித்து, அவனிடமிருந்த பிரதியை வாங்கி, நேராகவே பேசி முடித்துவிட்டீர்கள். முகவர் இல்லாமலே ஒரு நல்ல நாவல் வெளியே வருகிறது. தொழிலுக்கு இது நல்ல முன்னுதாரணம் அல்ல என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

மனசாட்சி உறுத்தி இதை எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். நான் செய்தது ஒரு தரகர் செய்வது, அவ்வளவுதான். விற்கவும் முடியாத வாங்கவும் முடியாத மாட்டைச் சந்தையில் நிற்கவிடக் கூடாது. அந்தப் பெண் என் நாவலைப் பற்றிச் சொன்னதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அதை நான் அன்றே மறந்துவிட்டேன். கட்டுரையாட்டப் பேசறாங்க என்றாள், பாவம் என்றாள், அவ்வளவுதானே.

ஆலோசனைகளை மட்டும் எழுதி அனுப்பத்தான் உட்கார்ந்தேன். குணசீலன் ஸ்வீட் பெட்டியோடு படியேறி வந்த இடத்தை எழுதும்போது ஒன்று நடந்தது. அவன் பேச ஆரம்பித்தான். நான் ஒன்றும் செய்யவில்லை, கை தானாக ஓடியது. அதன் பிறகு எதையும் மறைத்து எழுத முடியவில்லை, மறைத்தால் பேச்சு நின்றுவிடும் போலிருந்தது. நீங்கள் இதைப் போலீசுக்குக் கொடுப்பீர்கள் என்று தெரியும், கொடுங்கள். அதற்கு முன்னால் இதழில் போட்டுவிடுங்கள்.

இடம் போதாவிட்டால் ஆலோசனைகளை வெட்டிக்கொள்ளுங்கள். கோழிப்பண்ணைக்காரரை எடுத்துவிடுங்கள், என்னைப் பற்றி வருவதையும் சுருக்கலாம். ஆட்கள் பேசுகிற இடங்களில் மட்டும் கை வைக்காதீர்கள். அப்பா பேசுகிறார், குணசீலன் பேசுகிறான், கிணற்று மேட்டில் நின்று அவள் பேசுகிறாள். ஒருவர்கூடக் கட்டுரை மாதிரிப் பேசவில்லை. இத்தனை வருடம் எனக்கு வராதது இப்போது வந்திருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். இருந்தாலும் எழுதினவன் கண்ணுக்குத் தன் எழுத்தின் சுழி தெரியாது, விவரம் தெரிந்த ஒருவர் படித்துச் சொல்ல வேண்டும். கமலவேணி இருந்திருந்தால் முதலில் அவளிடம்தான் கொடுத்திருப்பேன்.